பளபளப்பைக் கேட்காதீர்கள்: பழைய எச்.எம்.டி. தேடுவோருக்கு ஒரு திறந்த மடல்

பழைய கைக்கடிகாரம் சேர்க்கக் கிளம்பியிருக்கும் நண்பர்களுக்கு,



சுவிஸ் வாட்சுக்கு லட்சக்கணக்கில் பணம் ஒதுக்கி வைத்திருப்பவர்களுக்கு ஆலோசனை சொல்ல ஆட்கள் நிறைய உண்டு. இந்த மடல் அவர்களுக்கு அல்ல. கையில் சில ஆயிரம் ரூபாய், மனதில் சாவி கொடுக்கும் ஓர் எச்.எம்.டி. ஜனதா அல்லது பைலட், ஞாயிற்றுக்கிழமை என்றால் பழைய சாமான் கடை, மற்ற நாளெல்லாம் கைபேசித் திரை என்று அலைகிறீர்களே, உங்களுக்கு எழுதுவது இது.

நீங்கள் தேடும்போது கண்ணில் படுவது என்ன? ஆரஞ்சு டயல், கிளிப்பச்சை டயல், மயில்நீல டயல். நடுவில் விமானப் படம், சிலவற்றில் சிவப்பு எழுத்தில் ‘மிலிட்டரி’. ஐம்பது வயதான வாட்ச் என்கிறார் விற்பவர். டயலோ நேற்று அச்சகத்திலிருந்து வந்தது போல மின்னுகிறது. விலையும் கட்டுப்படியாகிறது. வாங்கிவிடுகிறீர்கள். பைலட் பேர் வாங்கியது கறுப்பு டயலுக்காக என்பது பிறகுதான் யாராவது சொல்லித் தெரியவருகிறது.

உங்களை ஏமாற்றியவர் மீது கோபம் வருவது நியாயம். ஆனால் அந்த ஆரஞ்சு டயல் யாருடைய ஆசைக்காகச் செய்யப்பட்டது என்றும் ஒருமுறை யோசிக்க வேண்டும். கீறல் விழுந்த, மங்கிய, ஓரத்தில் புள்ளி தட்டிய உண்மையான பைலட் அதே கடையில் அதே தட்டில் கிடந்தது. அதை யாரும் எடுக்கவில்லை. கேட்பது கிடைக்கிறது, அவ்வளவுதான்.

கொஞ்சம் பின்னணி. இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் 1953இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட பொதுத்துறை நிறுவனம். பெயரே சொல்வது போல அதன் வேலை லேத்தும் அரவை இயந்திரமும் செய்வது. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கைகோத்து அது கடிகாரத்தில் இறங்கியது. முதல் தொகுதி வாட்சுகளை வெளியிட்டவர் பிரதமர் நேரு. பிறகு துமகூரு, ஸ்ரீநகர், இன்றைய உத்தராகண்டின் ராணிபாக் என்று தொழிற்சாலைகள் பெருகின. வெளிநாட்டு வாட்சை முறையாக இறக்குமதி செய்வது கடினமாக இருந்த காலம் அது. கடத்தல் சரக்கு வேண்டாம் என்பவருக்கு எச்.எம்.டி.யை விட்டால் பெரிதாக வழியில்லை. அதற்கும் காத்திருக்க வேண்டும். தங்க முலாம் பூசிய ஆட்டோமேட்டிக்கான காஞ்சன், கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குப் போடும் வாட்சாகி, அச்சிட்ட விலைக்கு மேல் கொடுத்தால்தான் கிடைக்கும் என்ற நிலைக்குப் போனது. கடைசியில் 2014இல் மூடும் பேச்சு வந்தது. 2016 ஜனவரியில் எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவைக் குழு ஒப்புதல் தந்தது. மூடப் போகிறார்கள் என்ற செய்தி வந்ததுமே பழைய சரக்குக்கு மவுசு ஏறியது. பழைய டயலுக்குப் புதுச் சாயம் அடித்த மறுவண்ண டயல்களுக்கும் அதோடு நல்ல காலம் பிறந்தது.

மறுவண்ணம் பூசுவது அடிப்படையில் குற்றமல்ல. இதை இப்போதைய சேகரிப்பாளர்கள் பலர் மறந்துவிடுகிறார்கள். வாட்ச் தினப்படிப் பொருளாக இருந்த காலத்தில் வியர்வை இறங்கி டயல் கறுத்துப் போனால், அதைக் கடையில் கொடுத்துப் புதுப்பித்து வாங்குவது வழக்கமாக இருந்தது. சுவிட்சர்லாந்திலும் அதுவே நடந்தது. பழைய பூச்சைச் சுரண்டி எடுத்து, சாயம் அடித்து, எழுத்தை அச்சால் ஒற்றிக் கொடுப்பார்கள். வாட்சுக்காரர் மணி பார்க்க வேண்டும், பார்த்தார். அதையே ‘கம்பெனி டயல், பெட்டியே பிரிக்காத பழைய சரக்கு’ என்று சொல்லி விற்கும்போதுதான் மோசடி தொடங்குகிறது. உலகம் முழுக்கச் சேகரிப்பாளர்கள் இதற்கு ‘பம்பாய் ஸ்பெஷல்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். எச்.எம்.டி. மட்டுமல்ல, ஒரு காலத்தில் இந்தியாவில் ஏராளமாக விற்ற ஃபாவ்ர்-லூபாவின் சீ கிங், சீ சீஃப், வெஸ்ட் எண்ட் கம்பெனியின் சவார் எல்லாம் இப்படி மறுவண்ணம் பூசும் பட்டறைகளுக்குள் போய் வந்தவைதான். ஒரு வாட்சின் உடல், இன்னொன்றின் மெஷின், மூன்றாவதன் முள் என்று கூட்டிச் சேர்ப்பதும் அங்கே நடக்கிறது.

எப்படிக் கண்டுபிடிப்பது? வாட்ச் ரிப்பேர்க்காரர் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பத்து மடங்கு பெருக்கிக் காட்டினால் போதும். கைபேசிக் கேமராவை நம்ப வேண்டாம். தொழிற்சாலை அச்சில் எழுத்தின் ஓரம் கத்தியால் வெட்டியது போல நிற்கும். பட்டறை அச்சில் மை கொஞ்சம் பரவியிருக்கும், எழுத்தின் வளைவுகள் தடித்துக் கிடக்கும், பெயர் நடுவிலிருந்து அரை மயிரிழை விலகியிருக்கும். நிமிடக் கோடுகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். பன்னிரண்டும் ஆறும் முள்ளின் அச்சுக்கு நேராக வருகின்றனவா? முள் நுழையும் நடுத் துளையின் விளிம்பில் சாயம் வழிந்து உறைந்திருந்தால் அதற்கு மேல் ஆராய்ச்சி தேவையில்லை.

லென்ஸ் இல்லாமலே செய்யக்கூடிய சோதனையும் ஒன்று உண்டு, அதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். வாட்சின் பாகங்களுக்குள் வயது ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. எச்.எம்.டி.யின் மலிவு வகைகளில் உடல் பெரும்பாலும் பித்தளை, மேலே குரோம் முலாம். வருடக்கணக்கில் மணிக்கட்டில் கிடந்தால் ஸ்ட்ராப் மாட்டும் கொம்புப் பகுதியில் முலாம் தேய்ந்து மஞ்சள் எட்டிப் பார்க்கும். கண்ணாடி அக்ரிலிக், கீறல் விழாமல் இராது. உடல் இப்படித் தேய்ந்திருக்க, டயல் மட்டும் மாசு மருவில்லாமல் இருந்தால் அது நரைத்த மீசைக்குக் கீழே பால்பல். நம்புவீர்களா?

இதையெல்லாம் படித்துவிட்டு, ‘சரி, இனி மங்கிய டயலையே வாங்குகிறேன்’ என்று முடிவுக்கு வந்தால் அடுத்த பள்ளம் காத்திருக்கிறது. அதற்குச் சாட்சி ஜெனீவாவில் நடந்த ஒரு விவகாரம். 2021 நவம்பரில் பிலிப்ஸ் ஏல நிறுவனம் 1957ஆம் ஆண்டுக் காலத்து ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்றை ஏலம் விட்டது. அதன் கறுப்பு டயல் காலப்போக்கில் சாக்லேட் நிறத்துக்குப் பழுத்திருந்தது. இப்படிப் பழுப்பேறிய டயல் என்றால் மேற்கத்திய சேகரிப்பாளர்களுக்கு உயிர். 80,000 முதல் 1,20,000 பிராங்க் போகலாம் என்று மதிப்பிட்டிருந்தார்கள். போனது 31 லட்சம் பிராங்குக்கும் மேல். வாங்கியது வேறு யாருமல்ல, தன் அருங்காட்சியகத்துக்காக ஒமேகா நிறுவனமே. 2023இல் அதே ஒமேகா, அந்த வாட்ச் பல வாட்சுகளின் பாகங்களைச் சேர்த்துக் கட்டப்பட்டது என்றும், தன்னுடைய முன்னாள் ஊழியர்கள் சிலருக்கே இதில் பங்கு உண்டு என்றும் வெளிப்படையாக அறிவித்தது.

இங்கே பளபளப்பு கேட்டார்கள், பளபளப்பு செய்து கொடுத்தார்கள். அங்கே முதுமை கேட்டார்கள், அதையும் செய்து கொடுத்தார்கள். அதனால் புதிதாக இருக்கிறதா, பழையதாக இருக்கிறதா என்பது கேள்வியே அல்ல. டயலும் உடலும் முள்ளும் பின்மூடியும் மெஷினும் ஒரே வாழ்க்கையை வாழ்ந்தவையா என்பதுதான் கேள்வி.

அடுத்து தரம். இங்கே நம் ஊரில் பரம்பரையாக வரும் ஒரு மூடநம்பிக்கையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்: ‘எத்தனை ஜுவல்?’ அந்தக் கல் எதுவும் விலையுயர்ந்ததல்ல. பிரெஞ்சு வேதியியலாளர் அகஸ்ட் வெர்னாய் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே செயற்கை மாணிக்கம் செய்யும் முறையை உலகுக்குச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அது தொழிற்சாலைச் சரக்கு. சக்கரத்தின் முனை உராயாமல் சுழல்வதற்கு அது ஒரு தாங்கி, அவ்வளவே. மணியும் நிமிடமும் நொடியும் காட்டும் சாவி வாட்சுக்கு 17 கல் இருந்தால் தேவையான இடமெல்லாம் நிறைந்துவிடும். ஆட்டோமேட்டிக்குக்கு இன்னும் சில. ஆனால் 1960களில் கல் எண்ணிக்கையே விளம்பரமாகி, 100 கல் பதித்த வாட்சுகள் வந்தன. ஜப்பானின் ஓரியண்ட் நிறுவனம் ‘கிராண்ட் பிரி 100’ என்றே ஒன்று விற்றது. வேலை செய்யாத கல்லை எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது என்று பிறகு சர்வதேசத் தர விதி வந்தது. ஆகவே உங்கள் ஜனதாவின் 17 கல்லைப் பார்த்து யாராவது உதட்டைப் பிதுக்கினால் சும்மா விட்டுவிடுங்கள்.

சரி, துல்லியம்? சுவிட்சர்லாந்தின் குரோனோமீட்டர் சான்று பெற ஒரு மெஷின் சராசரியாக நாளுக்கு 4 நொடி பின்தங்கலாம், 6 நொடி முந்தலாம். நூறு ரூபாய்ச் சில்லறைக்குக் கிடைக்கும் குவார்ட்ஸ் வாட்ச் அதைவிட ஒழுங்காக ஓடும். காரணம் எளிது. உள்ளே இருக்கும் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது; உங்கள் பைலட்டின் பேலன்ஸ் சக்கரம் நொடிக்கு ஐந்து தட்டுத்தான் தட்டுகிறது. 1969 கிறிஸ்துமஸ் அன்று சீகோ நிறுவனம் டோக்கியோவில் அஸ்ட்ரான் என்ற முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு வைத்தபோதே துல்லியப் போட்டி முடிந்துவிட்டது. பழைய சாவி வாட்ச் நாளுக்கு அரை நிமிடம் முன்னே பின்னே போனால் அதை நோய் என்று சொல்லக் கூடாது.

அப்படியானால் எதைப் பார்ப்பது? பின்மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். திறக்க மறுப்பவரிடம் வாங்காதீர்கள். மெஷினில் 0231 என்ற எண்ணைப் பார்த்தால் அது சிட்டிசன் வழி வந்த, எச்.எம்.டி. கோடிக்கணக்கில் வாட்ச் செய்த காலத்தில் உழைத்துத் தேறிய நல்ல மெஷின். உதிரி பாகமும் கிடைக்கும். துரு இருக்கிறதா, குறிப்பாகச் சாவித்தண்டு நுழையும் ஓரத்தில்? கடற்கரை ஊர்களில் நீர் முதலில் வருவது அந்த வழியாகத்தான். திருகாணித் தலைகள் சிதைந்திருந்தால் தெரியாத கை பலமுறை உள்ளே போயிருக்கிறது என்று பொருள். சாவி கொடுத்துப் பாருங்கள்: சீராக ஏறி ஓரிடத்தில் நிற்க வேண்டும். நழுவக் கூடாது, கரகரக்கவும் கூடாது. டைம்கிராஃபர் என்ற சிறு கருவி இப்போது பல ரிப்பேர் கடைகளில் இருக்கிறது. நாளுக்கு எத்தனை நொடி பிசகு என்பதை மட்டும் பார்த்து மயங்கிவிட வேண்டாம். அதைத் திருகிச் சரிசெய்வது ஒரு நிமிட வேலை. பேலன்ஸ் சக்கரம் எத்தனை பாகை வீசுகிறது என்பதைக் கேளுங்கள். முழுச் சாவி கொடுத்தபின் 270 பாகை அளவில் வீசினால் ஆரோக்கியம். 200க்குக் கீழே என்றால் உள்ளே எண்ணெய் காய்ந்திருக்கிறது, அல்லது அதைவிட மோசமான ஏதோ இருக்கிறது. சர்வீஸ் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

தரம் மெஷினில் இருக்கிறது என்றால் விலையும் அங்கேதான் இருக்க வேண்டும், இல்லையா? இல்லை. பட்டேக் ஃபிலிப் 1518 என்று ஒரு வாட்ச் உண்டு. 1941 முதல் 1950களின் நடுப்பகுதி வரை செய்தார்கள், மொத்தம் முந்நூறுகூடத் தேறாது. நிரந்தர நாட்காட்டியும் நிறுத்துக் கடிகாரமும் ஒன்றாக அமைந்தது, பெரும்பாலும் தங்கத்தில். துருப்பிடிக்காத எஃகில் செய்தவை என அறியப்பட்டவை நான்கே நான்கு. அவற்றில் ஒன்று 2016இல் ஜெனீவா ஏலத்தில் ஒரு கோடியே பத்து லட்சம் பிராங்குக்குப் போனது. தங்க 1518கள் பொதுவாக அதன் கிட்டே வருவதில்லை. மெஷின் ஒன்றே, தங்கம்தான் மலிவு.

2017 அக்டோபரில் நியூயார்க்கில் ஏலம் போன நடிகர் பால் நியூமனின் ரோலெக்ஸ் டேடோனா இன்னொரு பாடம். அது 1.77 கோடி டாலருக்கும் மேல் போனது. அந்த வகை டயல் புதிதாக வந்தபோது கடைகளில் தேங்கிக் கிடந்ததாம். பிடிக்காததால் குறைவாக விற்று, குறைவாக விற்றதால் பின்னாளில் அரிதாகி விட்டது. நியூமனின் வாட்சில் பின்மூடியில் அவருடைய மனைவி, நடிகை ஜோன் வுட்வர்ட், பார்த்து ஓட்டும்படி கார் பந்தயப் பிரியரான கணவருக்கு ஒரு வரி பொறித்துக் கொடுத்திருந்தார். அந்த வரியைத் தேய்த்து எடுத்திருந்தால்? காஞ்சனின் பின்மூடியில் மாமனார் பொறித்துக் கொடுத்த பெயரையும் கல்யாணத் தேதியையும் பாலிஷ் போட்டு அழித்துவிடலாமா என்று கேட்பவர்கள் உங்களுக்குள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

ஆனால் இந்தக் கோடிகளைக் காட்டி உங்கள் ஜனதாவும் ஒரு நாள் ஏறும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். வயது வேறு, அருமை வேறு. கோடிக்கணக்கில் செய்த பொருள் ஐம்பது ஆண்டு கழித்தும் நிறையவே மிஞ்சியிருக்கும். ரோலெக்ஸ், பட்டேக் விலைகளே 2022 தொடக்கத்தில் உச்சிக்குப் போய் அப்புறம் சரிந்தன. முதலீடு என்று நம்பி உச்சியில் வாங்கியவர்கள் இன்னும் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எச்.எம்.டி.யைக் கட்டிக்கொள்ள வாங்குங்கள். வங்கிக்கு மாற்றாக வாங்காதீர்கள்.

நடுவில் ஓர் எச்சரிக்கை, எச்.எம்.டி.யை விட்டுச் சுவிஸ் பழசுக்குப் போகிறவர்களுக்கு. 1960களுக்கு முந்திய வாட்சுகளில் இருட்டில் ஒளிரப் பூசியது பெரும்பாலும் ரேடியம். இப்போது ஒளிராது, ஒளிரும் பூச்சு செத்துவிட்டது. ஆனால் ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டுகள், அது அப்படியேதான் இருக்கிறது. வீட்டில் திறந்து நோண்டுவதும், உதிர்ந்த தூளை ஊதிவிடுவதும் கூடாது. அதற்குப் பின் வந்தது டிரிடியம். டயலின் அடியில் ‘சுவிஸ்’ என்ற சொல்லின் இருபுறமும் ஆங்கில ‘டி’ எழுத்து நிற்கும். அதன் அரை ஆயுள் பன்னிரண்டு ஆண்டுகளுக்குச் சற்று அதிகம். அந்த எழுத்துள்ள ஐம்பது வயது டயல் இரவில் விளக்குப் போல எரிந்தால் யாரோ சமீபத்தில் பூசியிருக்கிறார்கள்.

இன்னொரு குறையும் சொல்லிவிட வேண்டும். உங்களில் பலருக்குக் குவார்ட்ஸ் என்றால் இளக்காரம். அதனால் பக்கத்திலேயே இருப்பதைப் பார்க்காமல் விடுகிறீர்கள். தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் டாட்டாவும் சேர்ந்து 1984இல் தொடங்கிய டைட்டன், ஓசூரில் ஆலை போட்டுக் குவார்ட்ஸை நம்பி இறங்கியது. சாவி வாட்சையே பெரிதும் நம்பியிருந்த எச்.எம்.டி.யின் சந்தையை அதுதான் எடுத்துக்கொண்டது. 2002இல் வந்த டைட்டன் எட்ஜின் மொத்தப் பருமன் 3.5 மில்லிமீட்டர், உள்ளே இருக்கும் மெஷின் 1.15 மில்லிமீட்டர். அதற்குள் மின்கலம், சுருள், சக்கரம் எல்லாம் அடக்கி நீர் புகாமலும் செய்வது சாமானிய வேலையல்ல. பொறியியல் தரத்தில் எந்த ஜனதாவையும் தாண்டி நிற்கும் வாட்ச் அது. முதல் பத்தாண்டு டைட்டன்களும் தொடக்க எட்ஜும் வீட்டு அலமாரிகளில் மின்கலம் கசிந்து வீணாகிக்கொண்டிருக்கின்றன. கிடைத்தால் எடுத்து வையுங்கள். கட்டாமல் வைப்பதானால் மின்கலத்தை முதலில் கழற்றிவிடுங்கள்.

ரிப்பேர்க்காரர்கள் விஷயத்துக்கு வருவோம். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், மாடிப்படிக்குக் கீழே, ஒரு கண்ணாடிப் பெட்டியோடு உட்கார்ந்திருப்பவர்களில் மெஷினை முழுக்கப் பிரித்துக் கழுவி எண்ணெய் போடத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். மற்றவர்களுக்கு மின்கலமும் ஸ்ட்ராப்பும் மாற்றவே நேரம் சரியாக இருக்கிறது. தெரிந்தவரைக் கண்டுபிடித்தால் கூலியில் பேரம் பேசாதீர்கள். 0231ஐ உயிர்ப்பிக்க அவருக்கு அரை நாள் ஆகலாம். நீங்கள் கொடுப்பது பல சமயம் ஒரு மின்கலம் மாற்றுவதற்குக் கொடுப்பதைவிடச் சற்றே கூடுதல். கொடுக்கும்போதே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: டயலைத் தொட வேண்டாம், பழைய முள்ளை மாற்ற வேண்டாம், உடலைப் பாலிஷ் போட வேண்டாம், மாற்றிய பாகம் எதுவானாலும் பொட்டலத்தில் கட்டித் திருப்பித் தர வேண்டும். முதலில் அவருக்கு விநோதமாக இருக்கும். இத்தனை வருடமும் வாடிக்கையாளர்கள் கேட்டது ‘புதுசு மாதிரி ஆக்கிக் கொடுங்கள்’ என்பதைத்தானே.

வாங்குவதற்கு முன் ஒருமுறை பெங்களூரு போய் வாருங்கள். ஜாலஹள்ளியில் எச்.எம்.டி. பாரம்பரிய மையமும் அருங்காட்சியகமும் 2019 முதல் இயங்குகின்றன. பட்டறைச் சாயம் படாத டயல்களை வரிசையாகப் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை. எழுத்தின் தடிமன், கோட்டின் இடைவெளி, கறுப்பு எவ்வளவு கறுப்பு என்பதெல்லாம் ஒரு மணி நேரத்தில் கண்ணுக்குப் பழகிவிடும். தேவநாகரியில் பெயர் எழுதிய டயல்களையும் தேடிப் பாருங்கள். அப்படி ஒன்று சந்தையில் கிடைத்தால் போலி என்று அவசரப்பட்டுத் தள்ளிவிட வாய்ப்பு உண்டு. திரும்பும் வழியில் ஓசூரில் இறங்கினால் பழைய டைட்டன் ஏதாவது கிடைக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம்.